தொங்கும் கட்டிலில் ஓர் அலாரம்

நள்ளிரவு தாண்டி அலாரம் அடிக்கிறது. டாமி கால்ட்வெல் கண்விழிக்கிறார். விரல் நுனிகளில் களிம்பைத் தடவிக்கொள்கிறார். மறுபடி தூங்கிவிடுகிறார். சில மணி நேரம் கழித்து இன்னொரு அலாரம், இன்னொரு தடவை களிம்பு. இது கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில், எல் கேப்பிட்டன் என்னும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரக் கருங்கல் சுவரின் நடுவே, அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட துணிக்கட்டிலில் நடக்கிறது!

அந்தக் களிம்பைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாறையேற்றம் என்றதும் நாம் பார்ப்பதெல்லாம் உச்சியில் கைதூக்கி நிற்கும் படங்களைத்தான். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் நடப்பவை இருக்கின்றனவே, தோலுக்கு ராத்திரி வைத்தியம், தரையில் படுத்துக்கொண்டு கற்பனையில் ஏறுவது, பாறையின் நகலைச் செய்து கூடத்தில் மாட்டிவைப்பது, அங்கேதான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. வாருங்கள், அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும். தொழில்முறை ஏறிகள் தாங்கள் இன்னும் ஏறி முடிக்காத பாதையை ‘பிராஜெக்ட்’ என்பார்கள். கயிறு இருக்கும், பாறையில் அடித்த போல்ட்டுகளும் இருக்கும். ஆனால் அவை, ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். கையாலும் காலாலும் பாறையை மட்டுமே பிடித்து, கீழிருந்து மேல்வரை ஒருமுறைகூட விழாமல், கயிற்றில் தொங்கி இளைப்பாறாமல் ஒரே மூச்சில் ஏறினால்தான் கணக்கு. பாதையிலுள்ள ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே செய்து பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் கோத்துச் செய்ய முடியாமல் வருடங்கள் ஓடும்! ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் 1975-இல் கர்ட் ஆல்பர்ட் என்பவர், பழைய ஆணிகளைத் தொடாமல் ஒரு பாதையை முழுசாக ஏறிவிட்டால் அதன் அடிவாரத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு புள்ளி வைப்பார். உலகம் முழுக்க இன்று ஏறிகள் பின்பற்றுவது அந்தப் புள்ளியின் கணக்கைத்தான்.

கால்ட்வெல்லின் பிராஜெக்டுக்குப் பெயர் டான் வால். எல் கேப்பிட்டனில் காலை வெயில் முதலில் விழும் வழவழப்பான பகுதி அது. 2007 வாக்கில் அவர் அதை ஆராயத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் கெவின் ஜோர்கெசன் சேர்ந்துகொண்டார். 2010-இல் முயன்றார்கள், புயல் விரட்டியது. 2011-இல் முயன்றார்கள், பக்கவாட்டில் பாய்ந்து பிடிக்கவேண்டிய ஓரிடத்தில் ஜோர்கெசனின் கணுக்கால் போயிற்று. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கால்ட்வெல்லின் இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. 2001-இல் மர அறுவை இயந்திரத்தில் போய்விட்டது. விரல்களை நம்பியே வாழும் ஒரு மனிதர், ஒரு விரல் குறைவாக வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பெருஞ்சுவர்களில் யாருமே முயலாத கடினமான பாதையைத் தேர்ந்தெடுத்தார்!

2014 டிசம்பர் 27 அன்று மறுபடி ஏறத் தொடங்கினார்கள். இந்தச் சுவரின் பிடிமானங்கள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கருங்கல் விளிம்புகள். விரல் நுனித் தோல் வியர்த்தாலோ கிழிந்தாலோ எவ்வளவு பலமிருந்தும் பயனில்லை. அதனால்தான் குளிர்காலம். அதனால்தான் கடினமான பகுதிகளை இரவில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பாறை குளிர்ந்திருந்தால் தோல் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் அந்த அலாரமும்.

இவ்வளவு பெரிய சுவரை ‘பிட்ச்’ எனப்படும் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள்; ஒவ்வொரு துண்டையும் விழாமல் ஏறினால் கணக்கு. 15-ஆவது பிட்சில் ஜோர்கெசன் மாட்டிக்கொண்டார். கால்ட்வெல் அதைத் தாண்டிவிட்டார். ஜோர்கெசன் விழுகிறார். விரலில் பிளாஸ்திரி சுற்றி மறுபடி ஏறுகிறார், விழுகிறார். அடிவாரத்துப் புல்வெளியில் தொலைநோக்கியோடும் கேமராக்களோடும் கூட்டம் கூடிவிட்டது. உலகச் செய்திகளில் அவர் விழுவது ஓடுகிறது. அப்போது அவர் செய்ததுதான் எனக்கு மெய்சிலிர்க்கிற இடம்: ஓய்வெடுத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கூட்டாளி காத்திருக்க, தோல் வளரட்டும் என்று துணிக்கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் எழுந்து போய் இன்னொரு முறை முயன்றிருந்தால் விரல் முழுதாகக் கிழிந்திருக்கும். 7 நாள்களில் 10 முறை விழுந்தவர், ஜனவரி 9 அன்று 11-ஆவது முயற்சியில் அந்தப் பகுதியைக் கடந்தார். 19-ஆவது நாள், 2015 ஜனவரி 14, இருவரும் சேர்ந்தே உச்சியைத் தொட்டார்கள். கால்ட்வெல் தனியாக முடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். கூட்டாளி இல்லாமல் முடிக்க அவருக்கு மனமில்லை.

இப்போது நார்வேக்குப் போவோம். அங்கே ஃபிளாட்டாங்கர் என்ற கடலோர ஊரில் ஹான்ஷெல்லெரென் என்றொரு மாபெரும் குகை. வாயில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் பாறை, அந்தக் கூரையின் அடிப்பக்கமாகத்தான் பாதைகள் போகின்றன. செக் நாட்டு ஆடம் ஓண்ட்ரா 2012-இல் இங்கே ‘சேஞ்ச்’ என்ற பாதையை ஏறி, உலகின் முதல் 9பி+ பாதையைப் பதிவுசெய்தார். ஏறும் பாதைகளுக்குக் கடினத்தை வைத்து எண்ணும் எழுத்தும் தருவார்கள்; அதுவரை எட்டிய உச்சம் அதுதான். அதற்குமேலும் ஏதாவது இருக்குமா என்று அதே குகையில் இன்னொரு கோட்டில் போல்ட் அடித்தார். சுமார் 45 மீட்டர். பெயர்கூட வைக்காமல் ‘பிராஜெக்ட் ஹார்டு’ என்றே பல வருடம் அழைத்தார்கள்.

அதன் முதல் 20 மீட்டரே பெரும்பாலான ஏறிகளுக்கு வாழ்நாள் இலக்கு. ஓண்ட்ராவுக்கு அது உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் தூரம்! பிறகு வருகிறது பாதையின் மிகக் கடினமான இடம், பத்து அசைவு. தலைகீழாகத் திரும்பி, காலை முதலில் பாறை வெடிப்புக்குள் செருகி, உடம்பையே சுழற்ற வேண்டும். மனித உடம்பு இப்படியெல்லாம் நகருமா என்று அந்தக் காணொளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கூவிவிடுகிறேன்.

இதற்கு அவர் எப்படித் தயாரானார்? இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. தரையில் மல்லாந்து படுக்கிறார். கண்ணை மூடுகிறார். பக்கத்தில் இயன்மருத்துவர் கிளவுஸ் ஈசெலே. ஓண்ட்ராவின் கை மெல்ல மேலே போகிறது, விரல்கள் காற்றில் ஏதோ ஒரு விளிம்பைப் பற்றுகின்றன. இடுப்பு திரும்புகிறது, கால் எழுகிறது, மூச்சு முட்டுகிறது, உண்மையாகவே முனகுகிறார்! முகம் சிவக்கிறது. தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல் அந்தப் பத்து அசைவையும் ஏறிக்கொண்டிருக்கிறார். மேடைக்குப் பின்னால் ஜதியை முணுமுணுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கைமுத்திரை மட்டும் பிடித்துப் பார்க்கும் பரதநாட்டியக் கலைஞரைப் பார்த்திருப்பீர்களே, அதே ஒன்றிப்போன முகம்.

வெறும் மனக்கண்ணில் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விளையாட்டு உளவியலாளர்கள் பால் ஹோம்ஸும் டேவிட் காலின்ஸும் 2001-இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்கள். கற்பனைப் பயிற்சி பலிக்க வேண்டுமானால் உடம்பும் கூட இருக்க வேண்டும். அதே நிலை, அதே வேகம், அதே பதற்றம், முடிந்தால் அதே உடை. நாற்காலியில் சாய்ந்து ஜெயித்ததாகக் கனவு காண்பது எந்தத் தசைக்கும் ஒன்றும் சொல்லித்தராது. ஓண்ட்ரா தரையில் முனகியபோது அவர் உடம்பு அந்தப் பாதையில் இன்னொரு தடவை போய்வந்துகொண்டிருந்தது.

இன்னொரு ரகசியம், கெண்டைக்கால்! இந்தப் பாதையில் இளைப்பாறக் கிடைக்கும் இடங்களில் முழங்காலைப் பாறையில் செருகி, பாதத்தால் எதிர்ப்பக்கம் உந்தித் தலைகீழாகத் தொங்க வேண்டும். கைக்கு ஓய்வு கிடைக்கும், கெண்டைக்கால் கதறும். ஆகவே உலகின் மிகச்சிறந்த பாறையேறி உட்கார்ந்து கெண்டைக்காலுக்குப் பயிற்சி எடுத்தார். மனத் தயாரிப்பு என்று பேசும்போது இதை நான் விடவே மாட்டேன். ‘அந்த இடத்தில் எனக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்’ என்று நிச்சயமாகத் தெரிந்தவருக்குத்தான் அதற்கு அடுத்த அசைவை நிதானமாக நினைக்க முடியும். அவருடைய நிதானத்தில் பாதி கெண்டைக்காலிலிருந்து வந்தது.

2017 செப்டம்பர் 3. ஓண்ட்ரா அந்தப் பாதையின் கடைசி வளையத்தில் கயிற்றை மாட்டினார். உலகின் முதல் 9சி. ஏறும்போது குகை அதிரக் கத்துபவர் என்று பெயரெடுத்த மனிதருக்கு அன்று குரலே எழவில்லை, கண்ணீர்தான் வந்தது. பாதைக்கு ‘சைலன்ஸ்’ என்று பெயர் வைத்தார்.

அதே குகையில் அவர் 2013-இல் போல்ட் அடித்துவைத்த இன்னொரு கோடு இருந்தது, ‘பிராஜெக்ட் பிக்’. அதை முடித்தவர் ஓண்ட்ரா இல்லை! ஆஸ்திரியாவின் யாக்கோப் ஷூபர்ட். 2023 ஆகஸ்டில் பெர்னில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற கையோடு ஃபிளாட்டாங்கருக்கு வந்தார். இருவரும் ஒரே பாதையில் மாறி மாறி முயன்றார்கள், எந்த விளிம்பை எந்த விரலால் பிடிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். உலகின் மிகக் கடினமான பாதையை முதலில் முடிப்பது யார் என்ற போட்டியில் இருக்கும் இருவர், தங்கள் கண்டுபிடிப்புகளை ஒளிக்காமல் எதிராளிக்குக் கொடுக்கிறார்கள்! வேறெந்த விளையாட்டில் இதைப் பார்க்க முடியும்? ஷூபர்ட் தன் முயற்சிகளை நேரலையாகவும் ஒளிபரப்பினார். முடியுமா என்றே தெரியாத ஒன்றை, விழுவது உட்பட, ஊரறியச் செய்தார். செப்டம்பர் 20 அன்று முடித்தும் விட்டார்.

இனி நகல் பாறைகள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பின்லாந்தின் லாப்னோரில் ஒரு பாறைத்துண்டு கிடக்கிறது. கயிறே தேவைப்படாத உயரம், ஒரு சில அசைவுகள். நாலே ஹுக்கடைவால் 2013-இல் தொடங்கி, அதே அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்து, 2016-இல்தான் ஏறினார். உலகின் முதல் 9ஏ பவுல்டர் அது (கயிறின்றி ஏறும் இத்தகைய குட்டைப் பாறைகளுக்குத் தர வரிசை தனி), பெயர் ‘பர்டன் ஆஃப் டிரீம்ஸ்’. பாறைக்குப் போக முடியாத நாள்களில் அந்தப் பிடிமானங்களைப் போலவே செய்து மாட்டிவைத்துப் பழகினார். பிற்பாடு ஸ்காட்லாந்தின் வில் போசி என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பாறையை முப்பரிமாணமாக ஸ்கேன் செய்து வார்த்தெடுத்த நகலில் பிரிட்டனில் இருந்துகொண்டே பழகிவிட்டு, 2023 ஏப்ரலில் பின்லாந்து போய் ஏறிவிட்டார்! விளிம்பின் சாய்வு, விரல் உட்காரும் பள்ளம், எல்லாமே அவர் கைக்கு முன்பே பழக்கம்.

இந்த வழக்கம் புதிதில்லை. 1980-களில் ஜெர்மனியின் வோல்ஃப்காங் கியூலிஷ் நியூரம்பெர்க்கில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் மரச்சட்டங்களை ஏணிபோல் வரிசையாக ஆணியடித்து, காலே படாமல் விரலால் மட்டும் தாவித் தாவி ஏறிப் பழகினார். அந்தப் பலத்தில் 1991-இல் ‘ஆக்ஷன் டிரெக்ட்’ ஏறினார், உலகின் முதல் 9ஏ பாதை. இன்று எந்த நாட்டு ஏறும் கூடத்துக்குப் போனாலும் அந்த மரச்சட்டப் பலகை மாட்டியிருக்கும். அதே ஆக்ஷன் டிரெக்ட்டை 2014-இல் அலெக்ஸ் மேகோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். எதையும் சட்டென்று முடித்துவிடும் அந்த மேகோஸுக்கு, பிரான்ஸின் செயூஸில் ‘பிப்லியோகிராஃபி’ என்ற பாதைக்கு 60 நாள் பிடித்தது. 2020-இல்தான் முடிந்தது. பட்டென்று முடிப்பவர்களுக்கு நீளும் பிராஜெக்ட் தனி வேதனை. ஒவ்வொரு நாள் காலையும், ‘இன்று முடியலாம்’ என்ற எண்ணத்தோடு எழ வேண்டும்.

உண்மையில் அந்த எண்ணம்தான் தொல்லை. அசைவுகளே கைகூடாத காலத்தில் மனம் இலேசாக இருக்கும், எது நடந்தாலும் லாபம். எல்லாம் கைகூடி, இனி கோத்தால் போதும் என்ற நிலை வந்ததும் கை நடுங்கத் தொடங்கும். பிரெஞ்சு ஏறி செப் புவான், வெர்டோன் பள்ளத்தாக்கில் ‘டிஎன்ஏ’ பாதையில் ஏறக்குறைய 150 நாள், 250 முயற்சி செய்து 2022 ஏப்ரலில் முடித்தார். 200-ஆவது முயற்சிக்குக் கயிற்றைக் கட்டும் காலையை நினைத்துப் பாருங்கள்! பிரிட்டனின் ஹேசல் ஃபிண்ட்லே பெருஞ்சுவர்களை ஏறியவர், இன்று மற்ற ஏறிகளின் மனத்துக்குப் பயிற்சி தருகிறார். விழும் பயம் இருப்பவர்களுக்கு விழவே கற்றுக்கொடுக்கிறார்: முதலில் கயிறு இறுக்கமாக இருக்கும்போது ஒரு சின்ன விழுகை, பழகியதும் இன்னும் கொஞ்சம் நீளம். பயத்தை அதட்டி அடக்கச் சொல்லாமல், உடம்புக்குப் பொறுமையாகப் பழக்கிக்காட்டும் இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கயிறே இல்லாதவருக்கு என்ன பயிற்சி? அலெக்ஸ் ஹோனால்ட் எல் கேப்பிட்டனின் ஃபிரீரைடர் பாதையில் கயிறின்றி ஏறிய கதை ஊரறிந்தது: 2017 ஜூன் 3, 3 மணி 56 நிமிடம். ஆஸ்கர் வாங்கிய ‘ஃபிரீ சோலோ’ படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த நாளுக்கு முந்தைய காட்சிகளைத்தான். கயிற்றில் தொங்கிக்கொண்டு பாதையில் ஆடிக்கொண்டிருந்த கற்களையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுச் சுமந்து இறங்குகிறார்! சுமார் 600 மீட்டர் உயரத்தில் ஒரு காலை எட்டி எதிர்ச்சுவரில் உதைத்து ஊன்ற வேண்டிய இடம் வருகிறது. அந்த ஒரு எட்டுக்காக ஒரு வருடம் ராத்திரிதோறும் காலை நீட்டி வளைத்துப் பயிற்சி செய்தார். 2016 இலையுதிர்காலத்தில், கணுக்கால் சுளுக்கு முழுசாக ஆறாத நிலையில், விடியுமுன் கயிறின்றி ஏறத் தொடங்கி, அடிப்பகுதியின் வழுக்குப் பாறையிலேயே மனம் சரியில்லை என்று திரும்பிவிட்டார். படப்பிடிப்புக் குழு சுற்றிலும் காத்திருக்கிறது. அத்தனை பேரின் எதிர்பார்ப்பையும் ஒதுக்கிவைத்துவிட்டு இறங்கிய அந்தக் காலைதான், என் கண்ணில், அவருடைய மிகப் பெரிய மனப்பயிற்சி. இயக்குநர்கள் எலிசபெத் சாய் வசார்ஹெலியும் ஜிம்மி சின்னும் அதைப் படத்தில் அப்படியே வைத்தார்கள். மறுவருடம் அவர் மீண்டும் போனபோது, அந்த உதைக்கும் இடத்தில் ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தார்கள், கேமராக்காரர் இருந்தால் அவர் கவனம் சிதறும் என்று. கீழே லென்ஸ் வழியாகப் பார்க்கவேண்டிய ஒளிப்பதிவாளரோ பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்!

கடைசியாக, முடிக்காத பாதைகளின் பெருவள்ளல், கிறிஸ் ஷார்மா. ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஒலியானா என்ற ஊரில் 2009-இல் அவர் ஒரு கோட்டில் போல்ட் அடித்தார். முயன்றார், தனக்கு இது முடியாது என்று ஒதுங்கினார். பிறகு பன்னிரண்டு வயது இளையவரான ஓண்ட்ராவை அழைத்து, ‘வா, சேர்ந்து பார்ப்போம்’ என்றார். இருவரும் கொட்டும் வியர்வையும் கிழிந்த தோலுமாக முயன்றதை 2012-இல் படமாக வெளியிட்டார்கள். அந்தப் படம் முடியும்போது இருவருமே பாதையை முடித்திருக்கவில்லை! முடிவில்லாத கதையை அரங்கம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 2013 பிப்ரவரி 7 அன்று ஓண்ட்ரா முடித்தார். இன்னொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். ஷார்மா விடவில்லை, இளையவன் ஏறிக்காட்டியதும் அவருக்குள் ஏதோ திறந்துகொண்டது. மார்ச் 23 அன்று அவரும் ஏறிவிட்டார். அந்தப் பாதைதான் ‘லா துரா துரா’, 9பி+.

மார்கலெஃபில் அவர் போல்ட் அடித்த ‘பெர்ஃபெக்டோ முண்டோ’வும் பல வருடம் அவர் கைக்கு எட்டவில்லை. 2018-இல் மேகோஸ் அதை முடித்தார், அந்த வருடக் கடைசியில் இத்தாலியின் ஸ்டெஃபனோ கிசோல்ஃபி முடித்தார். ஷார்மாவுக்கு இதற்குள் இரண்டு குழந்தைகள், நடத்துவதற்கு ஏறும் கூடங்கள், நாற்பதைத் தாண்டிய உடம்பு. ஆனாலும் சியுரானாவில் புதிதாக ஒரு கோட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். 2023 மார்ச்சில், 41 வயதில், அதை ஏறினார். ‘ஸ்லீப்பிங் லயன்’, மறுபடியும் 9பி+, முதல் ஏற்றம் கிறிஸ் ஷார்மா!